அடெல்குண்டா ராணியின் கடல்கள்

மலைகளுக்கு நடுவில், மேகத்துக்கும் மாட்டுச் சாணத்துக்கும் இடையில், ஐரோப்பாவின் வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற அளவுக்கு மோர்ன்பெர்க் என்றொரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்துக்கு ஒரு ராஜா இருந்தார், ராஜாவுக்கு வேட்டை நாய்கள் இருந்தன, நாய்களுக்கு அப்புறம் நினைவுக்கு வருகிற வரிசையில் ஒரு ராணியும் இருந்தாள். அவள் பெயர் அடெல்குண்டா. வடக்கே கடலோர தேசம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த முதல் குளிர்காலத்திலேயே, இந்த ஊரில் பனியையும் நாயையும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை என்று அவள் மூலைக்கு மூலை உட்கார்ந்து அழ, அந்த அழுகை வேட்டைக்குக் கிளம்புகிறவரின் காதில் விழுந்துகொண்டே இருக்க, ராஜா அவளுக்கு ஒரு வர்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். நாட்டைப் பிடித்த கேடு இப்படித்தான் வந்தது, ஒரு மனிதர் நிம்மதியாக நாய்களோடு வெளியே போக ஆசைப்பட்டதால்.

ஓவியம் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியர், அவள் போட்ட முதல் ஆப்பிளைப் பார்த்து, இது ஆப்பிளா பூசணிக்காயா என்று ஒரு கணம் தடுமாறி, வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களை நினைத்துக்கொண்டு, "ஆகா" என்றார். அந்த ஒரு ஆகாவுக்கு அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகும் ஆகா சொல்லாமல் இருக்க அரண்மனையில் யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? அரண்மனைக் காரியஸ்தர் குன்ட்ராம் இந்த விஷயத்தை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்: ராணி தூரிகையைக் கீழே வைத்ததும் அவர் ஆகா என்பார், அவர் சொன்ன பிறகு மற்றவர்கள் சொல்லலாம், அவர் கைதட்டினால் தட்டலாம், அவர் நிறுத்துகிறவரை நிறுத்தக் கூடாது. ராணி ராஜாவை வரைந்தாள். உருளைக்கிழங்குக்குக் கிரீடம் வைத்தது மாதிரி இருந்தது. ராஜா அதைப் பார்த்துவிட்டு, "மனுஷங்களை விட்டுடு, அவங்க ஏற்கனவே வரி கட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு நாய்களிடம் போனார். பிறகு அவள் குதிரையை வரைந்தாள். லாடம் அடிக்கிறவன் ஒருவன் தெரியாத்தனமாகச் சிரித்துவிட, அவனை எல்லைக் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். மனிதர் என்றால் மனிதருக்குத் தெரிகிறது, குதிரை என்றால் லாடக்காரனுக்குத் தெரிகிறது, என்ன செய்வது என்று யோசித்த ராணி கடைசியில் கடலைப் பிடித்துக்கொண்டாள். மோர்ன்பெர்க்கில் கடலைப் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

அன்றிலிருந்து கடல், கடல், கடல். சட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வெறும் தண்ணீர், நேற்று வைத்த கீரைக் குழம்பின் நிறத்தில். கரை கிடையாது, ஏனென்றால் கரை அவளுக்கு வராது. படகு கிடையாது, பறவை கிடையாது, அவையும் வராது. "எல்லையற்றதை அல்லவா மகாராணி தீட்டுகிறார்" என்று குன்ட்ராம் சொன்னார். "மனம் திறந்து சொல்லுங்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு படத்தையும் முடித்துவிட்டு ராணி கேட்பாள், அவர்களும் மனம் திறந்து, ஒளிக்காமல், ஆகா என்பார்கள்.

ஒரு வசந்தகாலத்துக் காலையில் தர்பார் மண்டபத்தில் மாட்டியிருந்த பெரிய படம் ஒழுக ஆரம்பித்தது. சட்டத்தின் கீழ்விளிம்பில் முதலில் ஈரம் கோத்தது, பிறகு சொட்டியது, பிறகு சுவரோடு வழிந்து காரியஸ்தர் குன்ட்ராமின் பட்டுக் காலணியை நனைத்தது. அவர் குனிந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்புக் கரித்தது. வேறு ஒருவராக இருந்தால் அலறியிருப்பார், பாதிரியாரைக் கூப்பிட்டிருப்பார், குறைந்தபட்சம் காலை நகர்த்தியிருப்பார். குன்ட்ராம் நிமிர்ந்து நின்று, "தங்கள் கடல் அவ்வளவு தத்ரூபம், மகாராணி" என்றார், மற்றவர்கள் நனைந்த காலோடு கைதட்டினார்கள். சாயங்காலத்துக்குள் படங்களுக்குக் கீழே வெள்ளித் தாம்பாளங்கள் வந்துவிட்டன, விஷயம் அதோடு முடிந்தது.

அரண்மனையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ராணிக்கோ அரண்மனைக் கைதட்டல் அலுத்துவிட்டது. ஊரில் எந்த வீட்டில் தலைப்பிள்ளை பிறந்தாலும் ஞானஸ்நானத்தன்று ராணியின் கையால் வரைந்த கடல் ஒன்று பரிசாகப் போகும், அதைத் தொட்டிலுக்கு நேர் மேலே மாட்ட வேண்டும், மாட்டுவதற்கு அரண்மனை ஆட்கள் வருவார்கள், அரண்மனை ஆட்களைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றினால் சிறை என்று உத்தரவு போட்டாள். படம் வாங்கிய தாய்மார்கள் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரண்மனைக்கு வந்து, வரிசையில் நின்று, நன்றி சொல்ல வேண்டும். ராணி அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே உயிர் வாழ்ந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்கிறீர்களா? ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளாது! ஆரம்பத்தில் வாளி வைத்தார்கள், பிறகு தரையில் வாய்க்கால் வெட்டி வாசல் வழியாகத் தெருவில் விட்டார்கள், தெருவில் ஓடியது காய்ந்து உப்புப் பூத்தபோது அதைச் சுரண்டிப் பாலாடைக்கட்டிக்குப் போட்டார்கள், உப்புக்காகக் கழுதை ஓட்டிக்கொண்டு மலை தாண்டுகிற வேலை மிச்சமாயிற்று என்று பேசிக்கொண்டார்கள். ஆடுகள் சுவர்களை நக்கின. தச்சர்கள் உயரமான மரக் காலணி செய்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சுவரைத் தடவிப் பார்த்தார்கள், சுவர் காய்ந்திருந்தால் இவர்கள் அரண்மனைக்கு வேண்டாதவர்களோ என்று முகத்தைச் சுளித்தார்கள். துணிகளில் பூஞ்சை பிடித்தது, அந்தப் பச்சையையே நாகரிகம் என்று கொண்டாடினார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இருமின. கடல் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று அரண்மனை வைத்தியர் எழுதிக் கொடுத்தார், அவரும் கடலைப் பார்த்ததில்லை. சில தொட்டில்கள் காலியாயின. காலியான தொட்டில்களுக்கு ராணி மனமிரங்கி, கறுப்புச் சட்டம் போட்ட சின்னக் கடல் ஒன்றை அனுதாபமாக அனுப்பிவைத்தாள், அதுவும் ஒழுகியது.

கொம்புப் பொத்தான் செய்கிற தொபியாஸின் மனைவி பிரிகிட்டாவுக்குத் தலைப்பிள்ளையாக ஒரு பெண் பிறந்தது, லெனி என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்தன்றே அரண்மனை ஆட்கள் கடலோடு வந்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். இலை உதிர்கிற காலம் வரும்போது லெனியின் மூச்சில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கிழிந்த துருத்தி ஊதுகிற மாதிரி, இழுத்து இழுத்து, நடுவில் நின்றுபோய், தாயின் உயிரைத் தொண்டைக்குக் கொண்டுவந்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கிற சத்தம். பிரிகிட்டா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், அடுப்போரம் வைத்துக் கதகதப்பு காட்டினாள், மெத்தையை மாற்றி மாற்றிக் காயவைத்தாள். ஒரே அறை வீடு. தொட்டிலை எந்த மூலைக்குத் தள்ளினாலும் ஈரம் பின்னாலேயே வந்தது. அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கழற்றினால்தானே குற்றம், திருப்பினால் என்ன என்று ஒருநாள் படத்தின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாள். அரை நாள் சும்மா இருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு வால்புர்கா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏண்டி பிரிகிட்டா, உன் கடல் என் வீட்டுக்குள்ள வருது. எங்க வீட்டுலதான் ஏற்கனவே ஒண்ணு இருக்கே, ரெண்டு கடலை வச்சுக்கிட்டு நான் என்ன கப்பலா விடுறது?"

"பிள்ளைக்கு மூச்சு இழுக்குதுக்கா. கொஞ்ச நாளைக்குத் திருப்பி வச்சேன்."

"எந்தப் பிள்ளைக்குத்தான் இழுக்கலை? வைத்தியர் சொன்னதைக் கேட்டேல்ல, பழகிடும். ராணியம்மா கையால வரைஞ்சது. அதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்."

"எனக்கு என்னமோ, அந்தக் கடலுக்கே அந்தப் படத்துல இருக்கப் பிடிக்கலைன்னு தோணுதுக்கா. அதான் கிடைச்ச வழியில வெளியே ஓடி வருது."

வால்புர்கா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "இதை நான் கேக்கலை, நீயும் சொல்லலை. படத்தைத் திருப்பி மாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நன்றி ஞாயிறு வந்தபோது, ராணியிடமே கேட்டுவிடுவது என்று பிரிகிட்டா முடிவு செய்தாள். தொபியாஸ் காலில் விழாத குறை. "வாயைத் திறந்து தொலைக்காத. நன்றின்னு ஒரு வார்த்தை, குனிஞ்சு ஒரு கும்பிடு, வந்துடு. அரண்மனைச் சேவகர் சட்டைக்கெல்லாம் நம்ம பொத்தான்தான் போகுது" என்றான்.

"பொத்தானுக்கு மூச்சு முட்டாது" என்று சொல்லிவிட்டு அவள் லெனியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மண்டபத்தில் தாய்மார்கள் வரிசையாக நின்றார்கள். ராணி, கையில் வர்ணம் வேண்டுமென்றே அங்கங்கே ஒட்டியிருக்க, தலையைச் சற்றுச் சாய்த்து, கலைஞர்கள் எப்படி உட்காருவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாளோ அப்படி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தியும் முன்னால் போனாள், கண் கலங்கினாள், நன்றி சொன்னாள். பிரிகிட்டாவின் முறை வந்தது.

"சொல்லு. படம் எப்படி இருக்கிறது? மனம் திறந்து சொல்."

"எங்க வீட்டுக்கு அந்தப் படம் வேண்டாம் மகாராணி. நல்லா இல்லை."

மண்டபத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அந்த வார்த்தையைக் கேட்ட ராணி, தெரியாத பாஷையில் யாரோ ஏதோ சொன்னது போலக் குன்ட்ராமைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக உட்கார்ந்து தின்ற சோறு குன்ட்ராமுக்குக் கைகொடுத்தது.

"தன் வீடு இந்தப் படத்துக்குத் தகுதியில்லை என்கிறாள், மகாராணி. இவ்வளவு உயர்ந்த கலைக்குக் கீழே வாழ மனம் கூசுகிறதாம். எளிய ஜனங்கள், சொல்லத் தெரியவில்லை."

"அப்படி நான் சொல்லலைங்க" என்றாள் பிரிகிட்டா.

"பாருங்கள், அதைக்கூட ஒப்புக்கொள்ளக் கூச்சம்" என்றார் குன்ட்ராம், கைதட்ட ஆரம்பித்தார். மண்டபமே தட்டியது. பிரிகிட்டா அதற்குமேல் கத்திச் சொன்ன எதுவும் அந்தத் தட்டலைத் தாண்டி யார் காதிலும் விழவில்லை. ராணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பெண்ணின் அடக்கத்தை மதித்துப் படத்தை அரண்மனைக்கே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

படம் போனது. சுவர் காய்ந்தது. லெனியின் மூச்சில் இருந்த அந்தச் சத்தம் மெலிந்து, பனி உருகுவதற்குள் அடங்கியே போய்விட்டது. பிரிகிட்டா தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாத அந்த மூச்சைக் கேட்டுக் கேட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், ஆனாலும் சொன்னது உண்மையாக இருந்தும் பொய்யாக மாற்றித்தான் அதை வாங்கிக்கொண்டார்களே என்ற அருவருப்பும் அதில் இருந்தது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். ராஜ்யத்திலேயே அடக்கமானவள் பொத்தான்காரன் பெண்டாட்டி என்று தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கம் செய்தார். வால்புர்காவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நன்றி ஞாயிற்றுக்கு முதல் ஆளாகப் போய், "எனக்கும் தகுதி இல்லை மகாராணி, அவளைவிட எனக்குத்தான் இல்லை" என்று மண்டியிட்டாள்; அவள் வீட்டுக் கடலும் அரண்மனைக்குப் போனது. பிறகு ரொட்டிக்காரன், பிறகு தச்சன், பிறகு நீதிபதி, பிறகு அரண்மனை வைத்தியரே. காய்ந்த சுவர்தான் கௌரவம் என்று ஆயிற்று, பெண் பார்க்கப் போகிறவர்கள் இப்போது ஈரத்தைக் கண்டு முகம் சுளித்தார்கள். தெருத்தெருவாக வண்டி கட்டிக்கொண்டு, கறுப்புச் சட்டம் போட்டவற்றையும் விடாமல், கடல்கள் எல்லாம் சொட்டச் சொட்ட அரண்மனைக் குன்று ஏறின. திருப்பிக் கொடுக்கிறவனைத் தடுத்தால் ராணியின் கலைக்குத் தகுதியானவன் நீ என்று சொன்னதாக ஆகிவிடும், அந்த அவமரியாதையைச் செய்யக் குன்ட்ராமுக்குத் துணிவு ஏது? எல்லாவற்றையும் வாங்கி எல்லாச் சுவர்களிலும் மாட்டச் சொன்னார்.

அரண்மனை நிறைந்தது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், சில வருஷத்தில் இடுப்பு. ராஜா நாய்களைக் கூட்டிக்கொண்டு வேட்டை மாளிகைக்குப் போனவர் திரும்பவே இல்லை. அரசவையினர் தண்ணீரில் நின்று தலைவணங்கினார்கள், சமையற்காரர்கள் தட்டுகளை மிதக்கவிட்டுப் பரிமாறினார்கள், விருந்துக்கு வந்த வெளிநாட்டுத் தூதர் ஒருவர் ஜன்னலைத் திறந்தால் வடிந்துவிடுமே என்று சொல்லப்போய், ராணியின் கடலை வெளியே கொட்டச் சொல்கிறீரா என்று குன்ட்ராம் கேட்க, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நீந்தி வெளியேறினார். ராணி சிம்மாசனத்தை மேடை போட்டு உயர்த்தி அதன்மேல் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தாள். நன்றி சொல்ல இப்போது யாரும் வருவதில்லை, யாரிடமும் படம் இல்லையே.

லெனி வளர்ந்து, ஆட்டுக்குப் பின்னால் மலையெல்லாம் ஓடுகிற பெண்ணாகிவிட்ட ஒரு வருஷம், சந்தைக்கு வந்த பிரிகிட்டா குன்றின் மேலிருந்து ஒரு சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டாள். இழுத்து இழுத்து, நடுவில் நின்று, திரும்ப ஆரம்பிக்கிற சத்தம். "ராணியம்மா பாடப் பழகுறாங்களாம்" என்றாள் காய்கறிக்காரி. பிரிகிட்டாவுக்கு அந்தப் பாட்டு நன்றாகத் தெரியும். யாராக இருந்தாலும் மூச்சு மூச்சுதானே என்று கூடையைக் காய்கறிக்காரியிடம் வைத்துவிட்டுக் குன்று ஏறினாள்.

மண்டபத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் அவள் இறங்கி நடந்தபோது, சிம்மாசனத்தில் தலை நரைத்துச் சுருண்டு கிடந்த ராணி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். குன்ட்ராம் வாயைத் திறக்க, ராணி கையைக் காட்டி அவரை அடக்கினாள். அப்படி அவள் அடக்கி யாரும் பார்த்ததில்லை.

"நீ அன்றைக்குச் சொன்னது எனக்குப் புரிந்தது" என்றாள். "இவர் மாற்றிச் சொன்னார். அதுதான் கேட்க நன்றாக இருந்தது."

பிரிகிட்டா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு இன்னும் கிட்டே போனாள்.

"கடலை நான் பார்த்ததே இல்லை. உப்புக் காற்று பட்டால் நிறம் கறுத்துவிடும் என்று பிறந்த வீட்டில் ஜன்னலுக்குத் திரை போட்டே வளர்த்தார்கள். படம் நன்றாக இல்லை என்றும் தெரியும்."

"பிள்ளைங்க இருமினது?"

ராணி இருமினாள். இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. "குழந்தைகள் சிரிக்கிறார்கள் என்று குன்ட்ராம் சொன்னார். நான் நம்பவில்லை. ஆனால் படம் கொடுத்தால்தானே அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்." பிறகு முன்னால் குனிந்து, கெஞ்சுகிற குரலில், "உன் ஒருத்தியைத்தான் நம்புகிறேன். நன்றாக இல்லை என்று இன்னொரு தடவை எல்லோர் முன்னாலும் சொல். சொன்னால் அத்தனையையும் கழற்றிக் கொளுத்தச் சொல்கிறேன், ஜன்னல்களைத் திறக்கச் சொல்கிறேன். நானாக எப்படிச் சொல்வது? நான் ராணி" என்றாள்.

அதைச் சொல்லத்தான் பிரிகிட்டா குன்று ஏறி வந்திருந்தாள். வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் சுவர்களைப் பார்த்தாள். அங்கே பெரிய கடல்களுக்கு நடுவில் கறுப்புச் சட்டம் போட்ட சின்னக் கடல்கள் வரிசையாகத் தொங்கின, அவற்றில் ஒன்று எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும், அந்தப் பிள்ளையின் பெயரும் தெரியும். அவளுக்கு அந்தக் கிழவியின் மேல் இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. ஒரு துளியும் வரவில்லை.

"நல்லா இருக்கு மகாராணி" என்றாள் பிரிகிட்டா. "எல்லாப் படமும் ரொம்ப நல்லா இருக்கு."

ராணியின் முகம் எப்படிப் போயிற்று என்று அங்கிருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் குன்ட்ராம் ஆகா என்று ஆரம்பித்துவிட்டார், எல்லோரும் தண்ணீருக்கு மேலே கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிகிட்டா திரும்பி நடந்து, வாசலில் நின்று பாவாடையைப் பிழிந்துவிட்டு, சந்தை மூடுவதற்குள் போக வேண்டும் என்று வேகமாக இறங்கினாள்.